கடைசி வீட்டுக்காரரின் ஆட்சேபணை மனு

உலகத்தில் வீட்டுக்காரர்கள் பல வகை. வாடகைக்கு விட்ட வீட்டுக்கு மாதம் இரண்டு தடவை வந்து, சுவரில் புதிதாக எத்தனை ஆணி அடித்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போகிறவர் ஒரு வகை. குடியேறிய நாளிலிருந்து கொத்தனாரைத் திட்டிக்கொண்டே அதே வீட்டில் முப்பது வருஷம் சுகமாக இருக்கிறவர் ஒரு வகை. இவர்களை நீங்கள் நன்றாக அறிவீர்கள். இங்கே சொல்ல வருவது, தன்னை அபூர்வம் என்று நினைத்துக்கொண்டிருக்கிற, உண்மையில் தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கிற இன்னொரு வகை. கடைசி வீட்டுக்காரர் என்று இவருக்குப் பெயர் வைப்போம். தெருக்கோடியில் வீடு இருப்பதால் அல்ல. இந்த ஊர் தன் வீட்டில் பால் காய்ச்சிய அன்றோடு வளர்ந்து முடிந்துவிட்டது, அதற்குப் பிறகு யார் எங்கே ஒரு செங்கலை வைத்தாலும் அது அக்கிரமம் என்று மனதார நம்புகிறவர் இவர்.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். "நாங்க வந்தப்ப இங்கன ஒண்ணுமே இல்ல" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார். அந்த 'ஒண்ணுமே'யில் என்னென்ன அடக்கம் என்று கேட்டுவிடாதீர்கள். இரண்டு போகம் நெல், ஒரு வாழைத்தோப்பு, இரண்டு கிணறு, ஒரு வாய்க்கால், அந்த வாய்க்கால் கரையில் மாடு கட்டிப் பிழைத்த ஒரு குடும்பம் எல்லாம் அதில் அடக்கம். அவரைப் பொறுத்தவரை அதெல்லாம் ஒன்றுமில்லை. அவர் வீடு வந்த பிறகுதான் அந்த இடம் இடமாயிற்று. அவருக்குப் பின்னால் வந்ததெல்லாம் நெரிசல்.

தேனி பஜாரில் குழாய், பெயிண்ட், தாழ்ப்பாள், சிமெண்ட் விற்கிற சுந்தர்ராஜ் இந்த இனத்தில் முதல் தரம். வயது அறுபத்திரண்டு. கடையில் இருக்கும்போது கட்டிடம் கட்டுகிறவர்களைக் கண்டால் முகம் மலர்ந்துவிடும். "ரெண்டு மாடியோட நிறுத்திராதீக தம்பி, நாளைக்கு மேல எடுக்குற மாதிரி இப்பவே பைப்பு போட்டுருங்க" என்று அன்போடு புத்தி சொல்வார். சாயங்காலம் ஆறரைக்குக் கடையை மகனிடம் விட்டுவிட்டு ஸ்கூட்டரில் ஏறி, பெரியகுளம் சாலையில் பாதி தூரம் வந்து, வடுகபட்டிப் பக்கம் பிரிகிற மண் ரோட்டில் திரும்பி, 'மலைச்சாரல் நகர்' என்ற வளைவுக்குள் நுழைந்தாரானால் ஆளே வேறு. காலையில் தான் விற்ற பைப்பு யார் வீட்டுக்குப் போயிற்றோ, அந்த வீட்டைச் சாயங்காலம் திட்டுவார். இரண்டும் அவருக்கு ஒன்றோடொன்று இடிப்பதே இல்லை.

பதினாலு வருஷத்துக்கு முன் இந்த மலைச்சாரல் நகருக்கு அவர் வந்ததும் ஒரு கூட்டத்தோடு கூட்டமாகத்தான். தேனியிலிருந்து இலவச வேன். வண்ணக் கொடிகளுக்கு நடுவில் சாமியானா. சாமியானாவுக்குள் பிரியாணி. இருபத்தேழாம் நம்பர் மனையில் நின்று மேற்கே பார்த்தார். கண்ணுக்கு எட்டிய மட்டும் வாழை, வாழைக்கு மேல் மலை, மலைக்கு மேல் மேகம். முகத்தில் காற்று அறைந்தது. எங்கள் பக்கத்துக் காற்றை நீங்கள் அறிவீர்கள் என்றால் அந்த 'அறைந்தது' மிகையில்லை என்று ஒப்புக்கொள்வீர்கள். மண்ணடித்து மூடிய வயலின் ஈரம் இன்னும் காலில் ஒட்டியது. அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்.

வீடு எழுந்தது. போதகரை அழைத்து ஜெபம் செய்து பிரதிஷ்டை செய்தார்கள். அன்று முதல் மலை அவருடையது. காலையில் மொட்டை மாடியில் நின்று டீ குடித்தபடி அதை ஒரு தடவை பார்வையிடுவார், இரவில் யாரும் எடுத்துக்கொண்டு போய்விடவில்லையே என்று பார்ப்பதுபோல. விருந்தாளி வந்தால் முதலில் மாடிக்குத்தான் கூட்டிப்போவார். "எப்டி இருக்கு?" என்று கேட்பார். விருந்தாளி மலையைப் பாராட்டினால் இவர் அடக்கமாகத் தலை குனிந்து அந்தப் பாராட்டை வாங்கிக்கொள்வார். மலையையும் மேகத்தையும் அங்கே பொருத்தியவர் இவர்தானோ என்று வந்தவருக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிடும்.

இப்படி இருக்கையில்தான் மேற்கே வாழைத்தோப்பு விலைக்குப் போயிற்று. வாங்கியவர் கம்பம் ராஜா முகம்மது. நாலு மாடி, நாற்பத்தெட்டு வீடு, கீழே வண்டி நிறுத்த இடம், மேலே சோலார். சாலையோரம் ஒரு பெரிய போர்டு வைத்தார்கள். அதில் ஒரு குடும்பம் பால்கனியில் நின்று மலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

சுந்தர்ராஜ் ஸ்கூட்டரை நிறுத்தி அந்தப் போர்டை வெகுநேரம் பார்த்தார். தன் மலையைப் பார்த்து யாரோ சிரிப்பது அவருக்குப் பொறுக்கவில்லை.

அன்றிரவே நகர் நலச்சங்கத்தின் வாட்ஸப் குழுவில் போர் மூண்டது. அதுவரை அந்தக் குழுவில் காலை வணக்கப் பூக்களும் குப்பை வண்டி வரும் நேரமும் மட்டுமே வந்துகொண்டிருந்தன. தலைவர் என்ற முறையில் சுந்தர்ராஜ் குரல் பதிவு அனுப்பினார். நாற்பத்தெட்டு வீட்டு மோட்டாரும் ஒரே நேரத்தில் ஓடினால் நிலத்தடி நீர் என்னாவது, நாற்பத்தெட்டு வீட்டுச் சாக்கடை எங்கே போவது, நாலு மாடி எழுந்தால் ஆடிக் காற்று எந்த வழியாக வருவது, மேல் மாடியில் நிற்கிறவன் கீழ் வீட்டுக் கொல்லையைப் பார்த்தால் நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் எப்படித் துணி காயப்போடுவது, தோப்பை வெட்டினால் அதிலிருக்கிற பாம்பெல்லாம் யார் வீட்டுக்கு வரும், எல்லாவற்றுக்கும் மேலாக அங்கே வரப்போகிறவர்கள் யார், எவர்? எட்டு நிமிஷம் பேசியிருந்தார். பதினேழு பேர் கைதட்டும் படம் போட்டார்கள். ஒருவர் மட்டும் பழக்க தோஷத்தில் ரோஜாப் பூ போட்டார்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். அவர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. தண்ணீர்க் கவலை நிஜமான கவலைதான். ஆனால் இருபத்தேழாம் நம்பரில் அறுநூறு அடிக்கு போர் போட்டபோது அந்தக் கவலை அவருக்கு வரவில்லை. அந்த வருஷ வெயிலில் பக்கத்துத் தோட்டத்துக்காரர் கருத்தக்கண்ணனின் கிணறு வற்றியபோதும் வரவில்லை. "கெணறெல்லாம் அந்தக் காலம்ணே, போர் போட்ருங்க. பைப்பு நம்ம கடையில எடுத்துக்கலாம்" என்று அந்த மனிதரிடம் சொன்னவர் அவர்.

இங்கே உங்களுக்கு மட்டும் ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். அந்த நாற்பத்தெட்டு வீட்டில் மூன்றாவது மாடியில் ஒன்றைப் பதிந்து வைத்திருந்தவள் மகிமா. சுந்தர்ராஜின் ஒரே மகள்.

தேனியில் வாடகை வீட்டில் இருந்தாள். தனியார் பள்ளியில் டீச்சர். கணவன் வினோத்ராஜ் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி, வாரத்தில் நாலு நாள் வெளியூர். இரண்டு பிள்ளைகள். வீட்டுக்காரர் காலை ஐந்து மணிக்கு இருபது நிமிஷம்தான் மோட்டார் போடுவார். எழுந்திருக்கப் பிந்தினால் அன்றைக்குக் குடத்தோடு கீழே இறங்க வேண்டும். அப்பா வீட்டில் வந்து ஒட்டிக்கொள்ள வினோத்ராஜுக்கு மனமில்லை. மலைச்சாரல் நகரிலேயே மனை வாங்கலாம் என்றால், விலை அவர்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காது. அந்த விலை ஏறியதைத்தான் சுந்தர்ராஜ் பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மிச்சம் இருந்த வழி ராஜா முகம்மதுவின் வீடு ஒன்றுதான். வங்கி கடன் தரச் சம்மதித்திருந்தது, ஒரே ஒரு நிபந்தனையோடு. ஊராட்சியில் அந்தக் கட்டிடத்துக்கு ஆட்சேபணைத் தீர்மானம் எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் கடன் இல்லை. கடன் இல்லையென்றால் வீடு வரிசையில் அடுத்து நிற்கிறவருக்குப் போய்விடும்.

அம்மா கிருபாவதிக்கு எல்லாம் தெரியும். பத்திரமாக மனதுக்குள் பூட்டி வைத்திருந்தாள். அவர் குரல் பதிவு அனுப்பிய அடுத்த நாள் காலை, இட்லியை வைத்துக்கொண்டே மெதுவாக ஆரம்பித்தாள்.

"ஏங்க, அதுல நம்மாளுக யாராச்சும் வீடு வாங்குனா என்ன செய்வீக?"

"நம்மாளுக எவன் வாங்குவான்? புறாக்கூட்டுல போய்."

"வசதி இல்லாதவுக வாங்குறாக. என்ன தப்பு?"

"வாங்கட்டும். வேணாங்கல. இங்கன வேணாங்குறேன். அம்புட்டுதான்."

கடைசி வீட்டுக்காரர்களின் கொள்கை முழுவதையும் இதைவிடச் சுருக்கமாக எவரும் சொல்லிவிட முடியாது. கிருபாவதி இன்னொரு இட்லியை வைத்தாள். இவரிடம் நேரே சொன்னால், மகள் என்று பார்க்காமல் கௌரவம் பார்த்துவிடுவாரோ என்று பயந்து பேச்சை விட்டுவிட்டாள்.

ஆகஸ்டு பதினைந்து கிராம சபைக் கூட்டத்தில் ஆட்சேபணையைப் பதிவு செய்வது என்று சங்கம் முடிவெடுத்தது. அதற்கு மனு வேண்டும். மனு என்றால் பெரியகுளத்தில் தாலுகா ஆபீஸுக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் லிங்கேஸ்வரனை விட்டால் ஆள் கிடையாது. முப்பது வருஷமாக மனு எழுதுகிறவர். முன்பு டைப்ரைட்டர், இப்போது லேப்டாப். ஆனால் தொழில்முறை ஒன்றுதான். முடிந்தவரை எந்த மனுவையும் புதிதாக எழுத மாட்டார். பழைய மனுவில் பொருத்தமான ஒன்றை எடுத்துப் பெயரையும் தேதியையும் மாற்றிக் கொடுப்பார். இந்த ஜில்லாவில் மனிதர்களின் குறைகள் மொத்தம் நாற்பதுதான், நாற்பத்தோராவது குறையோடு இதுவரை யாரும் தன்னிடம் வரவில்லை என்பது அவருடைய அனுபவம்.

"வெவசாய நெலத்துல வீடு, தண்ணி, வாய்க்கா, காத்து. அப்டித்தான?" என்றார் லிங்கேஸ்வரன்.

"அப்டியேதான்."

"ஒங்க பக்கமே ஒரு மனு இருக்கு சார். அருமையான மனு. படிச்சா கண்ணுல தண்ணி வந்துரும்."

"ஜெயிச்ச மனுவா?"

"தோத்த மனுதான். ஆனா நல்ல மனு."

அடித்துக் கொடுத்தார். சுந்தர்ராஜ் மூன்று விஷயத்தை மட்டும் கவனமாகச் சரிபார்த்தார். தன் பெயர் முதலில் இருக்கிறதா, பெயருக்குக் கீழே 'தலைவர்' என்று இருக்கிறதா, கடைசிப் பக்கத்தில் 'நகல்' என்று போட்டு மேலிடத்து ஆபீஸ்கள் எத்தனை இருக்கின்றன. ஆறு இருந்தன. ஒன்பதாக்கச் சொன்னார். நடுவில் இருந்த மூன்று பக்கத்தை, தன் மனதில் உள்ளதுதானே என்று படிக்காமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். சங்கத்து ஆட்கள் பன்னிரண்டு பேரும் அவரைவிட நம்பிக்கைசாலிகள். மடிப்பைக்கூடப் பிரிக்காமல் கையெழுத்துப் போட்டார்கள்.

கிராம சபை அன்று சமுதாயக் கூடம் நிறைந்திருந்தது. கதவு ஜன்னல் எல்லாம் ஆடிக் காற்றில் அடித்துக்கொண்டன. மேசையில் இருந்த காகிதங்கள் மேல் தண்ணீர்ப் பாட்டிலை வைத்துக்கொண்டு, பொறுப்பு அலுவலர் சுபாஸ்ரீ உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் சங்கத்தார், வெள்ளைச் சட்டையில். ஒரு பக்கம் ஊர்க்காரர்கள், முன்வரிசையில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கருத்தக்கண்ணன். ஓரத்தில் ராஜா முகம்மது, கையில் வரைபடச் சுருளோடு. பெண்கள் பக்கம் கடைசியில் கிருபாவதி, பக்கத்தில் மகிமா. மகளைப் பார்த்ததும் சுந்தர்ராஜுக்குப் பெருமையாக இருந்தது. அப்பா பேசுவதைக் கேட்க லீவு நாளில் தேனியிலிருந்து வந்திருக்கிறாளே என்று நினைத்துக்கொண்டார்.

எழுந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வேதபாடம் வாசிக்கிற குரல் அவருக்கு. அந்தக் குரலில் தொடங்கினார்.

"மேற்படி கிராமம் சர்வே எண் இருநூற்றுப் பதினாலில், காலங்காலமாக நெல்லும் வாழையும் விளைந்துவந்த நன்செய் நிலத்தை மண்ணடித்து மூடி, வீட்டுமனை என்ற பெயரில் வெளியூர் ஆட்களுக்கு விற்க ஏற்பாடு நடந்துவருகிறபடியால்…"

மனு உண்மையிலேயே நல்ல மனு. சங்கத்தார் தலையாட்டினார்கள். அடுத்த பத்திக்கு வந்தபோதுதான் சுந்தர்ராஜ் ஒன்றைக் கவனித்தார். முன்வரிசையில் கருத்தக்கண்ணனின் உதடு அசைந்துகொண்டிருந்தது. தான் வாசிக்க வாசிக்க அந்த மனிதரும் கூடவே முணுமுணுத்துக்கொண்டிருந்தார், ஒரு வார்த்தை பிசகாமல். சர்ச் சபையில் மனப்பாட வசனம் சொல்கிறபோதுகூட இத்தனை ஒற்றுமை வந்ததில்லை.

சுந்தர்ராஜ் நிறுத்தினார். கருத்தக்கண்ணனும் நிறுத்தினார்.

"என்னண்ணே?"

"ஒண்ணுமில்ல மொதலாளி. நீங்க வாசிங்க. அடுத்து பசுமாடு வரும்."

பக்கத்தைத் திருப்பினார். "எங்கள் பசுமாடுகள் ஆறும் கன்றுகள் மூன்றும் மேய்ச்சலுக்கு இடமின்றி…"

வாசித்த பிறகுதான் என்ன வாசித்தோம் என்று அவருக்கு உறைத்தது. பாக்கெட் பால் வாங்குகிற மனிதர் அவர். கூடத்தில் சிரிப்பு எழுந்து ஜன்னல் வழியே போயிற்று. வெளியே நின்றவர்கள் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அவர்களும் சிரித்தார்கள். யாரோ ஒருவன், "மொதலாளி, கன்னுக்குட்டி கடையிலயா நிக்குது?" என்றான்.

இப்படிப்பட்ட நேரத்தில் உட்கார்ந்துவிடுகிறவன் சாதாரண மனிதன். கடைசி வீட்டுக்காரர் உட்கார மாட்டார். தொண்டையைச் செருமிக்கொண்டு, மாட்டை விட்டு மனிதர்களிடம் வந்துவிடலாம் என்று ஒரு பத்தியைத் தாண்டி, குரலை இன்னும் ஒரு கட்டை ஏற்றி வாசித்தார். "அன்றியும், புதிதாகக் குடிவரப் போகிறவர்கள் யார், எவர், என்ன நடத்தையுள்ளவர்கள் என்று தெரியாத அந்நியர்கள் ஆனபடியால், எங்கள் பெண்டு பிள்ளைகள் நிம்மதியாக நடமாட முடியாமல்…"

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"அப்பா."

மகிமா எழுந்து நின்றிருந்தாள். கிருபாவதி அவள் சேலையைப் பிடித்து இழுத்ததை அவள் கவனித்ததாகத் தெரியவில்லை.

"யாரு எவருன்னு தெரியாதவுகன்னு வாசிச்சீகளே. அது நாந்தாம்ப்பா. மூணாவது மாடி. முப்பதாம் நம்பர்."

கூடமே பெண்கள் பக்கம் திரும்பியது.

"ஒங்களுக்குப் போன வருஷம் நெஞ்சு வலி வந்தப்ப தேனியிலருந்து நான் வந்து சேர முக்கா மணி நேரமாச்சு. ஆட்டோ கெடைக்கல. வழி பூரா அழுதுக்கிட்டே வந்தேன். அப்பவே முடிவு பண்ணேன், கூப்ட்டா ஓடி வர்ற தூரத்துல இருக்கணும்னு. நல்லாருக்கப்பா மனு. பேங்க்குக்கும் ஒரு நகல் அனுப்பிருங்க."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். சுந்தர்ராஜுக்குக் காகிதத்தில் இருந்த எழுத்து தெரியவில்லை. மாட்டுக்குச் சிரித்தார்களே, அது அவமானம். அதைத் துடைத்துப் போட்டுவிடலாம். இது அவமானம் இல்லை, வெட்கம். பெற்ற மகளை ஊர் நடுவில் நின்று அந்நியர் என்று, அதுவும் நல்ல உச்சரிப்போடு வாசித்த வெட்கம். அவருக்கு அழுகை வரும்போல் இருந்தது.

"மேடம், மனுவ வாபஸ் வாங்கிக்கிறேன்" என்றார்.

சுபாஸ்ரீ அதற்குள் எழுதி முடித்திருந்தார். "தீர்மானப் புத்தகத்துல ஏறிருச்சே சார். படிச்சதெல்லாம் எழுதியாச்சு." பிறகு புருவத்தைச் சுருக்கி, பக்கத்தில் இருந்த பதிவேட்டைப் புரட்டினார். "ஒரு நிமிஷம். சர்வே எண் இருநூற்றுப் பதினாலுன்னு போட்டிருக்கீங்க. பாய் கட்டுறது இருநூற்று இருபது. இருநூற்றுப் பதினாலு மலைச்சாரல் நகர்தானே?"

லிங்கேஸ்வரன் பெயரை மாற்றியிருந்தார். தேதியை மாற்றியிருந்தார். நகல்களை ஒன்பதாக்கியிருந்தார். சர்வே எண்ணை மாற்றச் சொல்லி யாரும் அவரிடம் சொல்லவில்லை.

கருத்தக்கண்ணன் எழுந்தார். "அது எங்க மனுதாம்மா. பதினாலு வருசத்துக்கு முந்தி இவுக நகரு வர்றப்ப நான் சொல்லச் சொல்ல அந்த ஆளு எழுதுனது. அப்ப ஒருத்தரும் வாசிக்கவே விடல. இன்னைக்கி மொதலாளி வாசிச்சுக் கேக்கயில சந்தோசமா இருந்துச்சு." துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வாய்க்கா பத்தி ஒரு பாரா இருக்கும். அதையும் வாசிக்கச் சொல்லுங்க."

வாசிக்கத் தேவைப்படவில்லை. மனுவில் இருந்தது. பொது வாய்க்காலை மறித்துக் கட்டப்படும் வாசல்களை அகற்றி, வாய்க்காலைப் பழையபடி திறந்துவிட வேண்டும் என்று, பதிமூன்று பேர் கையெழுத்தோடு, முதல் கையெழுத்து சுந்தர்ராஜ், தலைவர், மலைச்சாரல் நகர். கையெழுத்துப் போட்டவர்கள் கையைத் தூக்கித்தான் ஆக வேண்டும். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ராஜா முகம்மதுவின் கட்டிடத்துக்கு ஆட்சேபணை எதுவும் பதிவாகவில்லை என்று அடுத்த வரியில் எழுதினார்கள்.

வெளியே வந்தபோது ராஜா முகம்மது கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணாச்சி, எங்க சொந்தக்காரங்ககூட எனக்கு இம்புட்டு ஒதவி செஞ்சதில்ல" என்றார். அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை என்பதுதான் சுந்தர்ராஜுக்கு அதிகமாக வலித்தது.

மகிமா ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். சுந்தர்ராஜ் அவளிடம் போனார். "முப்பதாம் நம்பருக்குக் குழாயெல்லாம் நம்ம கடையிலருந்து போடச் சொல்லுத்தா. அந்தாளு மட்டமா போட்ருவான்" என்றார். மகளுக்கு அது போதுமானதாக இருந்தது.

பத்து நாளில் சர்வேயர் வந்து சிவப்புப் பெயிண்டில் கோடு போட்டார். பெயிண்ட் சுந்தர்ராஜ் கடைப் பெயிண்ட்தான். ஜேசிபி வந்தது. பதிமூன்று வீட்டு வாசல் சாய்தளமும், சுந்தர்ராஜ் வீட்டு முல்லைப் பந்தலும் போயின. சங்கத்தார் அவரைத் தலைவர் பதவியிலிருந்து மட்டுமல்ல, வாட்ஸப் குழுவிலிருந்தும் நீக்கினார்கள். ஐப்பசி மழைக்கு வாய்க்காலில் தண்ணீர் வந்தது. சுந்தர்ராஜ் ஒரு பலகை போட்டு அதன்மேல் நடந்து வீட்டுக்குள் போனார். கருத்தக்கண்ணன் தன் மிச்சமிருந்த தென்னந்தோப்புக்கு மடை திறந்துவிட்டுவிட்டு, வரப்பில் நின்று அதை ரசித்துப் பார்த்தார்.

இத்தோடு திருந்தினார் என்று முடித்தால் உங்களுக்கும் நிம்மதி. இந்த இனத்தை நீங்கள் அப்படி எடைபோட வேண்டாம்.

ஒன்றரை வருஷம் கழித்து மகிமா குடிவந்தாள். தண்ணீர் இருபத்துநாலு மணி நேரமும் வந்தது. பாம்பு ஒன்றும் வரவில்லை. சுந்தர்ராஜ் வீட்டு மொட்டை மாடியிலிருந்து மலை தெரியவில்லைதான். ஆனால் மூன்றாவது மாடி பால்கனியிலிருந்து முன்பைவிட நன்றாகத் தெரிந்தது. தினமும் சாயங்காலம் பலகை தாண்டி வந்து, லிஃப்டில் ஏறி, பேரப்பிள்ளைகளோடு அங்கே நின்று டீ குடித்தார். வருகிறவர்களைப் பால்கனிக்குக் கூட்டிப்போய், "எப்டி இருக்கு?" என்று கேட்டார். நாலு மாடி கட்டுவதில் என்ன தப்பு, ஜனங்கள் எங்கேதான் போவார்கள், இந்தச் சுயநலக்காரர்கள்தான் ஊரை வளரவிடாமல் செய்கிறார்கள் என்று சர்ச்சில் பேசினார். கேட்டவர்களில் சிலர் சிரிப்பை அடக்க இருமினார்கள்.

போன மாதம் ஒரு சாயங்காலம் அவர் போனபோது மகிமா பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் சரியில்லை. கீழே, மேற்கே, தென்னந்தோப்பு இருந்த இடத்தில் மரங்கள் இல்லை. கருத்தக்கண்ணன் வயதாகிவிட்டது என்று விற்றுவிட்டு மகனோடு அனுமந்தன்பட்டிக்குப் போய்விட்டார். வெட்டவெளியில் வண்ணக் கொடிகள் காற்றில் படபடத்தன. ஒரு பெரிய போர்டு. அதில் ஒரு குடும்பம் பால்கனியில் நின்று மலையைப் பார்த்துச் சிரித்தது.

"ஆறு மாடியாம்ப்பா."

"அப்டியா?"

"வீடு தொண்ணூறுக்கு மேல வருதாம். நமக்குக் காத்து எப்டி வரும்? தண்ணி என்னாகும்? பிள்ளைக வெளையாடுற எடம். யாரு வருவாகளோ, எவரு வருவாகளோ." கம்பியை இறுகப் பிடித்திருந்த கையை அவர் பார்த்தார். "நாங்க வந்தப்ப இங்கன ஒண்ணுமே இல்லப்பா."

சுந்தர்ராஜ் மகளைத் திரும்பிப் பார்த்தார். கிராம சபை நாளிலிருந்து அவள் முகத்தை நேராகப் பார்க்கும்போதெல்லாம் உள்ளே குத்திக்கொண்டிருந்த ஏதோ ஒன்று சட்டென்று கரைந்துவிட்டது. தன் மகள்தான், சந்தேகமில்லை. டீயைக் கீழே வைத்தார். ஃபோனை எடுத்தார்.

"லிங்கேஸ்வரனா? சுந்தர்ராஜ் பேசுறேன். அந்த மனு இருக்கா? அதேதான். ஆமா, சர்வே நம்பர நானே சொல்றேன், எழுதிக்கங்க. பசுமாட்ட எடுத்துருங்க." கொஞ்சம் யோசித்தார். "மொதக் கையெழுத்து எம் மக பேர்ல."

அவ்வளவுதான் கதை. நீங்கள் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். சிரியுங்கள். சிரித்து முடித்ததும் எழுந்து உங்கள் வீட்டு ஜன்னல் வழியாகக் கொஞ்சம் வெளியே பாருங்கள். எதிரே ஒரு காலி மனை இருக்கிறது அல்லவா? எத்தனையோ வருஷமாகக் காலியாகவே கிடந்து உங்களுக்குக் காற்றும் வெளிச்சமும் கொடுத்துக்கொண்டிருக்கிறதே, அதுதான். அதில் இன்று காலை நாலு கல் நட்டு வெள்ளையடித்திருக்கிறார்கள், பார்த்தீர்களா? பார்த்ததும் உங்கள் வாயில் ஒரு வாக்கியம் வந்ததே, அது என்ன?

சொல்ல வேண்டாம். லிங்கேஸ்வரன் கேட்க மாட்டார். மனு தயாராக இருக்கிறது. பெயர் போட இடம் விட்டிருக்கிறார்.